மூன்றாம் தளத்தில் ஒரு தரைத்தளம்

வீடு என்பது கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளும் பொருள் அல்ல என்ற மாபெரும் உண்மையை மனித குலத்துக்கு எடுத்துச் சொன்ன பெருமை எங்கள் ஒப்பீட்டகத்தையே சேரும். அதற்கு முன்பு மக்கள் பட்ட பாட்டை நினைத்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கிறது. வீடு வேண்டுமென்றால் செருப்பை மாட்டிக்கொண்டு தெருத்தெருவாக அலைந்தார்கள். கதவைத் தட்டினார்கள். குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்தார்கள். சுவரில் உள்ளங்கையை வைத்து ஈரம் இருக்கிறதா என்று சோதித்தார்கள். இவ்வளவு செய்தும் கடைசியில் அவர்கள் கையில் ஒரு சதவிகிதம்கூட இருக்காது. இன்று நிலைமை அப்படியில்லை. உட்கார்ந்த இடத்தைவிட்டு எழாமல், தொண்ணூற்றாறு புள்ளி நான்கு சதவிகிதத் துல்லியத்தோடு எவரும் வீடு தேடலாம். அந்தப் புள்ளி நான்கைப் போட்டவன் நான்.

என் பதவி ‘மூத்த ஒப்பீட்டாளர்’. இளைய ஒப்பீட்டாளர் என்று யாரையும் எங்கள் அலுவலகத்தில் நியமிக்கவில்லை. ஆனாலும் மூத்தவன் நான்தான். வீடு தேடித் தரும் இணையதளங்களை ஒப்பிட்டு, எந்தத் தளத்தின் விளம்பரங்கள் உண்மையானவை என்று ஆண்டுக்கு ஒருமுறை உலகுக்கு அறிவிப்பது எங்கள் தொழில். எங்கள் ஆய்வில் உள்ளவை மூன்று தளங்கள். பாரபட்சம் வந்துவிடக் கூடாதே என்று அவற்றின் பெயரை நாங்கள் உச்சரிப்பதில்லை. முதல் தளம், இரண்டாம் தளம், மூன்றாம் தளம் என்றே சொல்வோம். மூன்றுமே எங்களுக்கு ஆண்டுச் சந்தா கட்டுகிறவை என்பதால், பாரபட்சத்துக்கு வேறு வழியும் இல்லை.

எங்களிடம் பதினெட்டு அளவுகோல்கள் உண்டு. பக்கம் எத்தனை நொடியில் திறக்கிறது என்பது ஒன்று. படம் எவ்வளவு துல்லியமாக இருக்கிறது என்பது இன்னொன்று. பெரிதாக்கினால் ஜன்னல் கம்பிகளை எண்ண முடிய வேண்டும். அந்த ஜன்னல் அந்த வீட்டைச் சேர்ந்ததுதானா என்பது அளவுகோலில் வராது. அது வீட்டுக்காரருக்கும் ஜன்னலுக்கும் இடையே உள்ள தனிப்பட்ட விஷயம்.

எல்லாவற்றுக்கும் சிகரம் ‘களச் சரிபார்ப்பு’. இதைத் தொலைபேசியில் செய்வோம். விளம்பரத்தில் உள்ள எண்ணை அழைத்து, “ஐயா, உங்கள் விளம்பரத்தில் இருப்பதெல்லாம் சரிதானா?” என்று கேட்போம். அவர் “சரிதான்” என்பார். ஒரு சரிக்குறி போடுவோம். பதினோரு ஆண்டுகளில் ஒரே ஒருவர் மட்டும் “இல்லைங்க, அதுல கொஞ்சம் தப்பு இருக்கு” என்று சொன்னார். தவறான எண்ணுக்குப் பேசிவிட்டோம் என்று முடிவு செய்து அவரை நீக்கிவிட்டோம்.

மூன்று தளங்களும் ஒரே வீட்டைப் பற்றி மூன்று விதமாகச் சொன்னாலும் நாங்கள் கலங்குவதில்லை. ஒரு வீடு முதல் தளத்தில் இரண்டு படுக்கையறையோடும், இரண்டாம் தளத்தில் மூன்று படுக்கையறையோடும், மூன்றாம் தளத்தில் ‘விசாலமானது’ என்ற ஒற்றைச் சொல்லோடும் இருந்தது. எங்கள் இயக்குநர் கண்ணை மூடி யோசித்து, “இரண்டரை என்று போடுங்கள்” என்றார். அந்த அரை அறை எது என்று கேட்டு இதுவரை ஒருவரும் கடிதம் எழுதவில்லை.

இப்படிப்பட்ட ஒரு ஸ்தாபனத்தில் தம்பி வேலை பார்க்கும்போது அக்காவுக்கு என்ன கவலை?

அக்கா ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வுக்கூட உதவியாளர். குடுவைகளைக் கழுவி வைப்பதும், அமிலத்தை அளந்து ஊற்றுவதும், பிள்ளைகள் கையைச் சுட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதும் அவள் வேலை. அத்தான் முப்பத்தொரு வருஷம் நகரப் பேருந்து ஓட்டியவர். உட்கார்ந்து உட்கார்ந்தே இடுப்பு எலும்பு தேய்ந்துபோய், ஓய்வு பெற்ற கையோடு அறுவை சிகிச்சை ஆயிற்று. நாலுகால் கைத்தாங்கியைப் பிடித்துக்கொண்டு சமதரையில் நடக்கலாம், படி மட்டும் ஏறவே கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இந்த நேரம் பார்த்து, அவர்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர், தன் மகன் வரப்போகிறான், இரண்டு மாதத்தில் காலி செய்யுங்கள் என்றார்.

அக்கா எனக்குப் போன் செய்தாள். எந்தத் தளத்தை நம்பலாம் என்று கேட்டாள். வாழ்க்கையில் முதன்முறையாக என் குடும்பத்தில் ஒருவர் என் தொழிலைப் பற்றி ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். நெஞ்சு நிறைந்துவிட்டது. இருநூற்றுப் பன்னிரண்டு பக்க ஆண்டறிக்கையை உடனே அனுப்பி வைத்தேன். அரை மணி நேரத்தில் மறுபடியும் போன் வந்தது.

“இதையெல்லாம் படிக்க எனக்கு நேரமில்லடா. ஒரே வார்த்தையில சொல்லு.”

“மூன்றாம் தளம்” என்றேன்.

“அத்தானுக்குப் படியே ஆகாதுன்னு சொல்றேன், நீ மூணாவது மாடியச் சொல்ற.”

இணையதளம் வேறு, கட்டடத்தின் தளம் வேறு என்று அவளுக்கு விளக்கிப் புரியவைக்கப் பத்து நிமிஷம் பிடித்தது. பாமர மக்களுக்கு இந்த வேறுபாடு எளிதில் பிடிபடுவதில்லை.

முதல் இரண்டு வாரம் அவள் பள்ளிக்கூடம் விட்டதும் நேரில் போய்ப் பார்த்தாள். பழைய காலத்து மனுஷி. முதலில் பார்த்த வீட்டின் கூடத்தில் பெரிய ஜன்னல் இருப்பதாகப் படம் சொன்னது. ஜன்னல் இருந்தது, எதிர்வீட்டில். எதிர்வீட்டு ஜன்னல் தெரியும்படி இந்த வீட்டில் ஒரு சின்னத் துவாரம் இருந்தது. இரண்டாவதாகப் போன வீட்டில் கதவைத் திறந்த பெண்மணி, அக்காவைப் பார்த்ததுமே வாசலில் கிடந்த நாற்காலியைக் காட்டி, “உக்காருங்க, தண்ணி கொண்டு வரேன். இந்த வாரத்துல நீங்க ஆறாவது ஆள்” என்றாளாம். நாலு வருஷமாக அவள் அந்த வீட்டில்தான் குடியிருக்கிறாள். தளத்தில் வீடு காலியாகவே இருக்கிறது. அவள் புகார் எழுதிப் போட்டதற்கு, எங்கள் பதிவேட்டின்படி அந்த முகவரியில் யாரும் இல்லை, நீங்கள் அங்கே வசிப்பதற்கான சான்றை அனுப்புங்கள் என்று பதில் வந்திருக்கிறது. கூடவே, வாடகைக்கு வீடு தேடுகிறீர்களா என்று கேட்டு, அவள் வீட்டையே அவளுக்குப் பரிந்துரைத்தும் இருக்கிறார்கள்.

அக்கா இதைச் சொன்னபோது நான் கேட்டுக்கொண்டேன். எல்லாம் முதல் தளத்திலும் இரண்டாம் தளத்திலும் வந்தவை. என் பேச்சைக் கேட்காமல் போனால் இப்படித்தான் ஆகும்.

அப்புறம்தான் மூன்றாம் தளத்தில் அந்த வீடு வந்தது. ‘தரைத்தளம். அகலமான கதவுகள். அமைதியான சுற்றுப்புறம்.’ பக்கத்தில் பச்சை நிறத்தில் ‘சரிபார்க்கப்பட்டது’ என்ற முத்திரை. அந்த முத்திரையை எந்த நிறத்தில் போட்டால் மக்கள் நம்புவார்கள் என்று மூன்றாம் தளத்துக்கு ஆலோசனை சொன்னதே எங்கள் ஒப்பீட்டகம்தான்.

அதற்குள் பள்ளிக்கூடத்தில் செய்முறைத் தேர்வு தொடங்கிவிட்டது. காலை ஏழு மணிக்குப் போனால் சாயங்காலம் ஆறுக்குத்தான் அக்கா வெளியே வர முடியும். வீடு நகரின் இன்னொரு கோடியில் இருந்தது. நான் போகிற பேருந்து அந்தப் பக்கமாகத்தான் போகும். வழியில் இறங்கி ஒரு தடவை பார்த்துவிட்டு வர முடியுமா என்று அக்கா கேட்டாள். பார்க்கிறேன் என்றேன்.

பார்த்தேன். அலுவலகத்தில் பெரிய திரையில் போட்டு, பதினாறு படங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சுவர் பளிச்சென்று இருந்தது. சமையலறைக் குழாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழாமல் தொங்கிக்கொண்டிருந்ததுகூடத் தெரிந்தது. அவ்வளவு துல்லியம். மறுநாள் அக்கா, “பாத்தியா?” என்றாள். “பார்த்தேன், நல்ல வீடு” என்றேன். இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அன்றே அவள் முன்பணத்தை அனுப்பிவிட்டாள்.

வீடு மாறின சனிக்கிழமை நான் ஊரில் இருந்தும் போக முடியவில்லை. ‘வீடும் நம்பிக்கையும்’ என்ற கருத்தரங்கில் நான் முக்கியப் பேச்சாளர். நடந்ததை அக்கா பிறகு சொன்னாள்.

சாமான் வண்டி போய் நின்ற இடத்தில் ஒரு நாலடுக்குக் கட்டடம். தரைத்தளத்தில் ஒரு டயர் கடை. தரகர் சாவியை ஆட்டிக்கொண்டு மாடிப்படியைக் காட்டினார். மூன்றாவது மாடி. மின்தூக்கி கிடையாது. ஐம்பத்து நாலு படி. தரைத்தளம் என்றுதானே போட்டிருந்தது என்று அக்கா கேட்டிருக்கிறாள்.

“ஆமாம்மா. அது தளத்துல இருக்கு. இது கட்டடத்துல இருக்கு” என்றாராம் தரகர். அக்கா விடாமல் மறுபடியும் கேட்டதற்கு அவர் பொறுமையாகவே விளக்கியிருக்கிறார். படிவத்தில் ‘தரைத்தளம்’ என்பதுதான் முதலில் வந்து நிற்குமாம். மாற்றப் போனால் நிரப்பினதெல்லாம் அழிந்து, திரும்பவும் முதலிலிருந்து நிரப்ப வேண்டியிருக்குமாம். “உள்ள வந்து பாருங்க. வழவழன்னு எவ்வளவு நல்ல தரை. தரை இருக்கிற தளம் தரைத்தளம்தானேம்மா.”

பழைய வீட்டுச் சாவியைக் கொடுத்தாயிற்று. பின்னால் இன்னொரு வண்டி வழிவிடச் சொல்லி ஒலி எழுப்பிக்கொண்டிருந்தது. சாமான் தூக்க வந்த இரண்டு பேரும் முதலில் பீரோவை ஏற்றினார்கள். பிறகு அத்தானை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து ஏற்றினார்கள். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் இறக்கிவைத்து மூச்சு வாங்கினார்கள். மேலே போனதும் அத்தான், “பீரோ கனமா, நான் கனமா?” என்று அவர்களிடம் கேட்டாராம். “நீங்கதாங்க. பீரோவைச் சாய்ச்சுப் பிடிக்கலாம்” என்றிருக்கிறார் ஒருவர்.

நான் கல்நெஞ்சன் அல்ல. திங்கட்கிழமை காலையிலேயே இதை இயக்குநரிடம் கொண்டுபோனேன். அவர் உடனே கூட்டம் கூட்டினார். அவருடைய கேள்விகளின் கூர்மை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

“விளம்பரத்தை எந்தத் தளத்தில் பார்த்தார்கள்?”

“மூன்றாம் தளத்தில், ஐயா.”

“வீடு எந்தத் தளத்தில் இருக்கிறது?”

“மூன்றாம் தளத்தில்.”

“பிறகு என்ன முரண்பாடு?”

‘முரண்பாடு இல்லை’ என்று குறிப்பேட்டில் எழுதினேன். இருந்தாலும் இயக்குநர் பிரச்சினையை அப்படியே விட்டுவிடுகிறவர் அல்ல. மாடி எண்ணிக்கை என்ற அளவுகோல் இருப்பதனால்தானே இப்படிச் சந்தேகங்கள் வருகின்றன என்றார். அந்த அளவுகோலையே நீக்கிவிட ஒரு தீர்மானம் கொண்டுவரப்பட்டது. வாசகத்தை எழுதித் தரும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஒருமனதாக நிறைவேறியது. அன்று மாலையே மூன்று தளங்களின் துல்லியமும் கணிசமாக உயர்ந்தது. ஒரு குறையைக் கண்ட அன்றே களைந்த அலுவலகம் உலகத்தில் வேறு எங்காவது உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

அக்கா மட்டும் சமாதானம் ஆகவில்லை. ‘இது மூணாவது மாடி. ஐம்பத்து நாலு படி. கீழே டயர் கடை’ என்று மூன்றாம் தளத்தில் கருத்து எழுதினாள். சரிபார்க்கப்பட்ட தகவலுக்கு முரணாக இருப்பதால் உங்கள் கருத்து ஏற்கப்படவில்லை என்று பதில் வந்தது. நேர்மையாகச் சொன்னால், அந்தப் பதிலின் வாசகமும் நான் எழுதிக்கொடுத்ததுதான்.

ஏழு மாதம் போயிற்று. நான் அந்த வீட்டுக்குப் போகவில்லை. வேலைப்பளு. ஒரு வெள்ளிக்கிழமை அக்கா போன் செய்தாள். அத்தானுக்கு என்னிடம் ஏதோ கேட்க வேண்டுமாம். போனில் கேட்க மாட்டாராம். “ஞாயித்துக்கிழமை வர்ற” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். சின்ன வயதில் என் காதைப் பிடித்துத் திருகுவதற்கு முன்னால் அவள் குரல் இப்படித்தான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். ஐம்பத்து நாலு படி என்பது சரியாகவே இருந்தது. இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் மேலே போய்ச் சேர்ந்தேன்.

அத்தான் பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஆள் இளைத்திருந்தார். இந்த ஏழு மாதத்தில் இரண்டே இரண்டு தடவை கீழே இறங்கியிருக்கிறார். இரண்டும் மருத்துவமனைக்கு, இரண்டும் நாற்காலியில். அதற்கப்புறம் தூக்குவதற்கு ஆள் கிடைக்காமல் இரண்டு பரிசோதனை தவறிப்போய்விட்டது. நடக்க வேண்டிய கால் நடக்காமல் கிடக்கிறது, அதுதான் கவலையாக இருக்கிறது என்று சமையலறையில் அக்கா தாழ்ந்த குரலில் சொன்னாள்.

அத்தான் என்னிடம் ஒரு குறையும் சொல்லவில்லை. மடியிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். அக்காவின் பள்ளிக்கூடத்துச் செய்முறை நோட்டு. ஒரு பக்கம் கோடு போட்டது, ஒரு பக்கம் வெள்ளை. கோடு போட்ட பக்கத்தில் மூன்று தளங்களும் ஒரு வீட்டைப் பற்றி என்ன சொல்கின்றன என்று எழுதி, கீழே உண்மை என்ன என்று எழுதியிருந்தார். வெள்ளைப் பக்கத்தில் அந்தத் தெருவைப் பென்சிலால் வரைந்திருந்தார். எங்கே திருப்பம், எங்கே மேடு, எங்கே மழை பெய்தால் தண்ணீர் நிற்கும் என்பதெல்லாம் இருந்தது. நூற்றுப் பன்னிரண்டு வீடுகள்.

“‘பூங்காவுக்கு எதிரில்’னு போட்டிருக்கான். அந்தத் தெருவுல ஒன்பது வருஷம் வண்டி திருப்பியிருக்கேன். பூங்காவும் இல்ல, ஒண்ணும் இல்ல. லாரி நிக்கிற இடம்” என்றார்.

முப்பத்தொரு வருஷத்தில் அவர் பேருந்து போகாத தெரு அந்த நகரத்தில் குறைவு. தெரியாத இடமாக இருந்தால் தரகருக்குப் போன் செய்வாராம். இப்போது வீட்டு வாசலில் நிற்கிறீர்களா, நின்றால் படியை எண்ணிச் சொல்லுங்கள் என்பாராம். பாதிப் பேர் உடனே போனை வைத்துவிடுவார்கள். மீதிப் பேர் வாசலில் இருக்க மாட்டார்கள். பிறகு பக்கத்துக் கடையின் எண்ணைத் தேடிப் பிடித்துக் கேட்பாராம். நூற்றுப் பன்னிரண்டில் ஒன்பதுதான் சொன்னபடி இருந்தன.

அறுபத்து மூன்றாவது வீட்டுக்கு மட்டும் சிவப்புக் கோடு போட்டிருந்தார். இரண்டாம் தளத்தில் அது ‘இரண்டாவது மாடி, காற்றோட்டமானது’ என்று வந்திருந்தது. அதனால் படிக்குப் பயந்து யாரும் சீந்தவில்லை.

“அந்தக் கட்டடத்துக்கு மாடியே கிடையாது மாப்ள. ஒத்தை வீடு. உங்க ஆபீஸுக்குப் பின்னாடி ரெண்டு தெரு தள்ளி” என்றார். வீட்டுக்கார அம்மாவிடமும் பேசிவிட்டாராம். வாசல் கதவில் ‘வாடகைக்கு’ என்று ஒரு பலகை தொங்கவிட்டிருக்கிறேன், யார் முதலில் வந்து பார்த்துச் சொல்கிறார்களோ அவர்களுக்குத்தான் வீடு, போனில் எல்லாம் நிறுத்திவைக்க முடியாது என்று அந்த அம்மாள் சொல்லியிருக்கிறார். அதே வீட்டின் பின்கட்டில் இருக்கும் அவர் மாலை நேர வேலைக்குப் போகிறவர். மூன்று மணிக்கு மேல் வீட்டில் இருக்க மாட்டார். அக்காவுக்கோ மறுபடியும் செய்முறைத் தேர்வு, சனிக்கிழமைதான் முடியும்.

“நாளைக்கு மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல போயிட்டு வந்துடு. வாசல்ல படி இருக்கான்னு மட்டும் பாரு. இல்லேன்னா, நாங்க எடுத்துக்குறோம்னு ஒரு வார்த்தை சொல்லிடு. அவ்வளவுதான்.”

சரி என்றேன். வழி தெரிவதற்காக நோட்டை வாங்கிக்கொண்டேன். அக்கா படி வரைக்கும் வந்து, “மறந்துடாத” என்றாள்.

மறக்கவில்லை. திங்கட்கிழமை பன்னிரண்டே முக்காலுக்கு நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு மின்தூக்கியில் ஏறினேன். உள்ளே இயக்குநர் இருந்தார். அது என்ன என்று கேட்டார். கொடுத்தேன். ஐந்தாம் மாடியிலிருந்து கீழே வருவதற்குள் நான்கு பக்கம் படித்துவிட்டார். கதவு திறந்தது; அவர் இறங்கவில்லை. என்னையும் இறங்கவிடவில்லை. அப்படியே மறுபடியும் ஐந்துக்கு அழுத்தினார்.

இப்படியொரு ஆவணத்தைத் தன் பணிக்காலத்தில் பார்த்ததில்லை என்று நாத்தழுதழுக்கச் சொன்னார். பிறகு, இது உண்மையானால் நம் பதினோரு ஆண்டு அறிக்கைகள் என்னவாகும் என்றும் கேட்டார். உடனே ஒரு சிறப்பு ஆய்வுக் குழு அமைந்தது. தலைவராக என் பெயர் முன்மொழியப்பட்டது. இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன், பத்து நிமிஷம்தான் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் என் தோளில் கை வைத்தார்.

“ஆய்வுக்கு உட்பட்ட ஒரு வீட்டைக் குழுத் தலைவரே நேரில் போய்ப் பார்த்தால் ஆய்வின் நடுநிலை என்ன ஆவது?”

கேள்வி நியாயமாகவே இருந்தது. தவிர, நான் எந்தக் குழுவுக்கும் அதுவரை தலைவராக இருந்ததில்லை. மேசையின் தலைப்பக்கத்தில் போட்ட நாற்காலிக்குச் சுழலும் வசதி இருந்தது.

குழு திங்கள் முதல் வியாழன் வரை அமர்ந்தது. ஒப்பீட்டாளர் அல்லாத ஒருவர் ஒப்பிடலாமா என்ற கேள்விக்கு முதல் நாள் முழுவதும் போயிற்று. ‘லாரி நிற்கும் இடம்’ என்பதைப் பசுமையற்ற பூங்கா என்று வகைப்படுத்தலாமா என்று அடுத்த நாள் விவாதித்தோம். செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு அக்கா போன் செய்தாள்.

“போனியா?”

“நடவடிக்கையில் இருக்கிறது அக்கா.”

“என்ன நடவடிக்கை? ரெண்டு தெருடா.”

குழு உறுப்பினர்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு பேசுகிறேன் என்று வைத்தேன்.

புதன்கிழமை அறுபத்து மூன்றாவது வீட்டைக் களச் சரிபார்ப்புக்கு எடுத்தோம். வீட்டுக்கார அம்மாவை ஒலிபெருக்கியில் அழைத்து, தரைத்தளம் என்று தகவல் வந்திருக்கிறது, சரிதானா என்று கேட்டேன். “சரிதான். ஆனா வீடு வந்து...” என்று அவர் ஆரம்பித்தார். மற்ற விவரங்கள் எங்கள் கேள்வியில் இல்லாததால் நன்றி சொல்லித் துண்டித்தோம்.

வியாழக்கிழமை மாலை குழு தன் முடிவை அறிவித்தது. எங்கள் ஒப்பீட்டகத்தின் வரலாற்றில் நூற்றுக்கு நூறு துல்லியம் பெற்ற முதல் வீடு அதுதான். கெட்டி அட்டையில் சான்றிதழ் அச்சடித்து இயக்குநர் கையொப்பமிட்டார். நோட்டு, பொது அமைதியைக் கருதி, இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டப்பட்டது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சான்றிதழோடு போனேன். நடந்து போக ஆறு நிமிஷம் ஆயிற்று. தெருவின் உயரத்திலேயே இருந்தது அந்த வீடு. வாசலில் படி இல்லை. ஒரு சின்னக் கட்டைகூட இல்லை. கைத்தாங்கியைத் தள்ளிக்கொண்டு நேராக உள்ளே போய்விடலாம். கதவு அகலமாகத் திறந்திருந்தது. உள்ளே ஒருவர் முக்காலியில் ஏறி நின்று திரைச்சீலைக் கம்பியை மாட்டிக்கொண்டிருந்தார். என்ன விஷயம் என்று கேட்டார். இந்த வீட்டை எப்படிப் பிடித்தீர்கள் என்று நான் கேட்டேன்.

“செவ்வாய்க்கிழமை மத்தியானம் இந்தப் பக்கமா நடந்து போயிட்டிருந்தேங்க. பலகை தொங்குச்சு. மணி அடிச்சேன்.”

“எத்தனை வீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்கள்?”

“இதைத்தாங்க பாத்தேன்” என்றார். சொல்லிவிட்டு, என் கையில் இருந்த அட்டையைப் பார்த்து, நான் ஏதோ விற்க வந்தவன் என்று நினைத்து, எதுவும் வேண்டாம் என்று பணிவாகச் சொன்னார்.

தெருமுனையில் நின்று அத்தானுக்குப் போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். ஐந்து நாளும் போனைப் பக்கத்திலேயே வைத்திருந்திருப்பார் போலிருக்கிறது. சொன்னேன். அந்தப் பக்கம் டயர் கடையின் சத்தம் கேட்டது.

“வாசல்ல படி இருக்கா?” என்றார்.

“இல்லை அத்தான்.”

“இல்லையா. அப்ப நான் நெனச்சது சரிதான்.” “அவரு என்னைக்கு வந்து கேட்டாராம்?”

“செவ்வாய்க்கிழமை மத்தியானம்.”

“செவ்வாய்க்கிழமை மத்தியானம் நீ எங்க மாப்ள இருந்த?”

அவர் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதற்கான பதில் எங்கள் அலுவலகத்தில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். செவ்வாய்க்கிழமை அமர்வின் நடவடிக்கைக் குறிப்பில், என் பெயருக்கு எதிரே, என் கையெழுத்திலேயே எழுதியிருக்கிறது. பதினோரு ஆண்டுகளில் நாங்கள் பதிவு செய்த தகவல்களில் முழுக்க முழுக்க உண்மையானது அது ஒன்றுதான்: ‘தலைவர் நேரில் வந்திருந்தார்.’